எழுத்தாளர் ஒருவரின் கண்ணாடி, பேனா, வெற்றிலைச்செல்லம்: காட்சிக்கு எதை வைப்பது?

பேட்டைவாசி:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வாசகசாலையில், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் பொருட்களுக்கென்று ஓர் அறை ஒதுக்குகிறார்கள். குடும்பத்தார் தர இசைந்தவை: இரண்டு மூக்குக்கண்ணாடி, மூன்று மைப்பேனா, பித்தளை வெற்றிலைச்செல்லம், சாய்வு நாற்காலி, டிரங்குப்பெட்டி நிறைய அஞ்சலட்டை, சுமார் 200 புத்தகம், அப்புறம் பொன்னாடைகள், கேடயங்கள். கண்ணாடி அலமாரி இரண்டுதான். "இவர் எழுதிய பேனா" என்று சீட்டு ஒட்டுவதோடு நிற்காமல், இவற்றிலிருந்து ஆளைப் பற்றி உருப்படியாக எதையாவது சொல்ல முடியுமா?

குறுக்குத்துறை:
முடியும் அண்ணாச்சி. ஆனால் பேனாவை விடுங்கள், முதலில் டிரங்குப்பெட்டியைத் திறங்கள்.

அஞ்சலட்டையைக் காலவரிசையில் அடுக்காமல் அதைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. முத்திரை தெளிவாக இருந்தால் தேதியும் தபாலாபீஸும் கிடைத்துவிடும். மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள், அமுங்கிய எழுத்து மேலெழும். அதுவும் இல்லையென்றால் முகவரிப் பக்கத்தைப் பாருங்கள். விலை அணாவில் அச்சாகியிருந்தால் அட்டை 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின் எழுதியது. "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்றோ, கோவில்பட்டிப் பக்கத்துக்குச் "சிதம்பரனார் மாவட்டம்" என்றோ இருந்தால் 1986-க்கு முந்தியதாக இருக்க முடியாது. 1997-இல் அந்தப் பெயர்கள் போய்விட்டாலும் பழக்கதோஷத்தில் பின்னாலும் எழுதியவர்கள் உண்டு. அதனால் பின்கோடும் மாவட்டப் பெயரும் "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும்.

பெட்டியில் இருப்பது அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை பிறர் வீட்டுப் பரணில் கிடக்கும். அனுப்பியவர்களின் பட்டியலைப் போட்டு அந்தந்த வீடுகளில் கேளுங்கள். 1915-இல் புதுச்சேரியிலிருந்து பாரதி "தம்பி" என்று பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதிய கடிதம் பெற்றவர் பேணியதால் நின்றது. கு. அழகிரிசாமியின் கடிதங்களும் அப்படித்தான், இடைசெவல் நண்பர் கி. ராஜநாராயணன் வைத்துக் காத்தவை. தலைப்பாகையும் கோட்டும் பாரதியைப் பற்றிச் சொல்லாததை அந்த ஒரு கடிதம் சொல்லும்.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு சின்ன வேலை. கண்ணாடிக்கடையில் லென்ஸ் பவர் பார்க்கும் கருவி இருக்கும், இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வைக் கோளாறு இல்லாதவருக்கு வாசிப்புக் கண்ணாடி நாற்பதை ஒட்டி +1-இல் தொடங்கி, அறுபதுவாக்கில் +2.50 வரை ஏறும். +2.50 கண்ணாடியை அவர் முப்பது வயதில் எழுதிய முதல் தொகுதிக்குப் பக்கத்தில் வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். கடைக்காரர் பழக்கத்தில் துணியெடுத்துத் துடைக்க வருவார், தடுத்துவிடுங்கள். மூக்குப் பட்டையில் படிந்த அழுக்கும் சட்டத்தில் சுற்றிய நூலும் அவருடையவை.

ஊசிக்கோபுரம்:
துடைப்பது பற்றிச் சொன்னதால் சேர்க்கிறேன். பொருளைக் கையில் தருமுன் வீட்டில் புளி போட்டுச் செல்லத்தைத் தேய்த்துப் பளபளவென்று கொடுப்பார்கள். இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். புளியின் அமிலத்தோடு தேய்ப்பும் சேர்ந்தால் புள்ளி வைத்து வெட்டிய பெயர் மங்கிவிடும். அந்தப் பெயரைக் கவனியுங்கள், பல வீடுகளில் அது சீர் கொடுத்த பெண் வீட்டாருடையது. "எழுத்தாளரின் செல்லம்" என்று எழுதிவிட்டு மூடியில் மாமனார் பெயர் இருந்தால் அதையும் சீட்டில் சொல்ல வேண்டும். உள்ளே காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள்.

எண் போடுவது: ஆண்டு, கொடுத்தவர், பொருள் என்று மூன்று பகுதி, 2025.1.17 மாதிரி. காகிதத்தில் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சில் மட்டும். உலோகத்தில் நகப்பூச்சை அடியாகப் பூசி எழுதுவோர் உண்டு, அது மஞ்சளாகி உரிந்துபோகும். பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிடோனில் கரைத்து மெல்லப் பூசி, காய்ந்தபின் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. கண்ணாடிச் சட்டத்திலும் பிளாஸ்டிக் பேனாவிலும் இதைச் செய்யாதீர்கள், அசிடோன் கரைத்துவிடும். அவற்றுக்குப் பருத்தி நூலில் சீட்டு கட்டினால் போதும்.

பேனாவைக் கழுவுமுன் ஈரமான ஒற்றுத்தாளில் முள்ளை வைத்து எடுங்கள், அவர் ஊற்றிய மையின் நிறம் பதியும். பிறகு 10 மடங்கு பூதக்கண்ணாடியில் முள்முனையைப் பாருங்கள். மூன்றில் ஏதோ ஒன்றில்தான் முனை ஒருபக்கம் பட்டையாகத் தேய்ந்திருக்கும். எழுதிய பேனா அதுதான். மற்றவை பரிசாக வந்து சட்டைப்பையில் குத்தியவையாக இருக்கலாம். எபனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில் வெந்நீர் பட்டால் கறுப்பு பழுப்பாகும், வெயிலிலும் அதே கதி.

அட்டைகளை லேமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் திரும்பிவராத கேடு. துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிடுங்கள். அலமாரியில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். ஊதா மை வெயிலில் மறையும் என்பதால் மூலத்தை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றி, மற்ற நேரம் நகலை வையுங்கள், நகல் என்று எழுதியும் வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரட்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வெள்ளத்துக்கு இது போதாது. டிரங்குப்பெட்டி மாடிக்குப் போகட்டும்.

கடையம் ரயிலடி:
ஒரு மறுப்பு. சாய்வு நாற்காலியின் கைப்பிடி தேய்ந்திருப்பதைப் பார்த்து "ஓயாத எழுத்துழைப்பு" என்று எழுதிவிடாதீங்க. அவருக்குப் பிறகு மகன் உட்கார்ந்திருப்பார், பேரன் உட்கார்ந்திருப்பான். துணி எத்தனை தடவை மாற்றினாங்க, யார் எந்த வருஷம் வரை பயன்படுத்தினாங்க என்று வீட்டில் கேட்டு, தேதியோடு கையெழுத்து வாங்கி வைங்க. இது இல்லைன்னா நாற்காலி வெறும் மரச்சாமான்தான்.

பொன்னாடையும் கேடயமும் கொடுத்தவங்களைப் பற்றித்தான் பேசும். அவற்றை அலமாரியில் ஏற்ற வேண்டாம். ஆனா கேடயத்தில் இருக்கிற ஊர், அமைப்பு, தேதியைப் பட்டியல் போட்டா எந்த வருஷம் எந்த ஊர் அவரை அழைத்தது என்று ஒரு வரைபடமே வந்துரும். அந்தப் பட்டியலைச் சுவரில் மாட்டுங்க.

பேட்டைவாசி:
நன்றி. புத்தகங்களுக்குள் பஸ் டிக்கெட், வாழ்த்து அட்டை, மருந்துச் சீட்டெல்லாம் இருக்கு. எடுத்துவிடலாமா? ராமபாணப்பூச்சியும் தெரியுது.

குறுக்குத்துறை:
எடுக்கலாம், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்த பிறகு. பக்க எண்ணை உறையின் மேல் எழுதி டிக்கெட்டை உள்ளே போடுங்கள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று அச்சிட்டிருந்தால் 1997-க்கு முந்தியது. எந்த வழித்தடத்தில் போகும்போது எந்தக் கதையில் நிறுத்தினார் என்பது அதில் இருக்கும். மருந்துச் சீட்டு காட்சிக்கு வேண்டாம், குடும்பத்திடம் கேளுங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாசகருக்கும் ஆகாது. புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு முழுநாள் கழித்துப் பிரியுங்கள்.