மறுமொழி: ரீமேக், ரீமாஸ்டர், போர்ட் – எல்லாவற்றுக்கும் ‘மறு’ போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். நான்கு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இந்த இழையில் மடல்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன், சிலவற்றை இரண்டு முறை. நம் வீடியோ கேம் கலைச்சொல் பட்டியலில் ‘ரீமேக்’குக்கும் ‘மறுவாக்கம்’, ‘ரீமாஸ்டரு’க்கும் ‘மறுவாக்கம்’ என்று போட்டிருப்பது தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டுமென்றே போட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

> விளையாடுகிறவனுக்கு என்ன வேறுபாடு? பழைய ஆட்டம் புதிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதானே. ஒரு சொல் போதும்.

போதாது ஐயா. ‘ரெசிடெண்ட் ஈவில்’ 1996இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதே ஆட்டத்தை அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமியே 2002இல் கேம்கியூப் என்ற கருவிக்காக அடியிலிருந்து திரும்பச் செய்தார். மாளிகை அதேதான், ஆனால் அறைகளும் பொறிகளும் மாறியிருந்தன. பழைய ஆட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தான் முதலில் செத்தார்கள். அந்த 2002ஆம் ஆண்டு ஆட்டம், படத்தைத் தெளிவாக்கி, 2015இல் புதிய கருவிகளுக்கு மறுபடியும் வந்தது. இந்த மூன்றாவதை நம் பட்டியலை வைத்து எழுதிப் பாருங்கள்: ‘மறுவாக்கத்தின் மறுவாக்கம்’. படிக்கிறவர் இரண்டு தடவை புதிதாகச் செய்தார்கள் என்றல்லவா நினைப்பார்? செய்தது (ரீமேக்) ஒரு தடவை, துடைத்து வைத்தது (ரீமாஸ்டர்) ஒரு தடவை. இரண்டும் வெவ்வேறு வேலை. கேட்கும் உழைப்பும் வேறு, கேட்கும் காசும் வேறு.

இந்த வேறுபாட்டைச் சொல்ல நமக்குச் சொல் இல்லை என்பது உண்மையன்று. நகைக்கடையில் இருக்கிறது. பழைய வளையலை எடுத்துக்கொண்டு போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: மெருகு போட்டால் போதுமா, அழித்துச் செய்ய வேண்டுமா? மெருகு போட்டால் அதே வளையல் பளபளப்போடு திரும்பி வரும். அழித்துச் செய்தால் தங்கம் மட்டுந்தான் பழையது. வளையல் புதியது. செய்கூலி உண்டு, சேதாரமும் உண்டு.

ஆகவே ரீமாஸ்டருக்கு ‘மெருகேற்றம்’. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1964இல் வந்த ‘கர்ணன்’ படம் 2012இல் டிஜிட்டலாக்கித் திரைக்கு வந்ததிலிருந்து பழைய படங்களுக்கு இந்தச் சொல் பழகிப்போய்விட்டது. அதை ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். 1998இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ 2017இல் மெருகேறி வந்தபோது பன்னிரண்டு படையாள்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்க முடியாது என்ற பழைய கட்டுப்பாட்டைக்கூட அவர்கள் தொடவில்லை. அதற்கு மேல் அனுமதித்திருந்தால் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொரியாவில் ஆடி வந்தவர்களின் கைப்பழக்கம் முழுவதும் வீணாகியிருக்கும். ஒரு விசையைத் தட்டினால் பழைய படமே திரும்பி வந்துவிடும். மெருகுக்கு அடியில் அதே பொன்.

> ‘மெருகேற்றம்’ என்றால் நன்றாகிவிட்டது என்ற பொருள் வந்துவிடுகிறதே அம்மா. கெட்டுப்போனவற்றை என்ன சொல்வது?

நல்ல கேள்வி. மெருகு போடுகிறேன் என்று பொன்னைச் சுரண்டிவிடுகிற ஆள்களும் உண்டு. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வின் மூன்று பழைய ஆட்டங்களைச் சேர்த்து 2021 நவம்பரில் வெளியிட்டார்களே, அதுதான் அப்படிப்பட்டது. கடைப் பலகைகளில் இருந்த மங்கலான எழுத்தைக் கணினியே தெளிவாக்கட்டும் என்று விட்டதில் எழுத்துப் பிழைகள் முளைத்தன. மழை, கண்ணுக்கு முன்னால் வெள்ளைக் கோடு கிழித்தது போல் பெய்தது. கடைசியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக் கணினிக்கான பழைய பதிப்புகளையும் திரும்ப விற்பனைக்கு வைத்தது.

அதில் என்னை மிகவும் வருத்தியது பனிமூட்டம். 2004இன் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ ஒரு மாநிலம் அளவுக்குப் பெரிது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். மலை உச்சியில் நின்றால் கீழே புகை போல ஒரு மங்கல். அதற்கு அப்பால் என்னென்னவோ இருக்கும் என்று தோன்றும். மெருகேற்றியவர்கள் அந்த மங்கலைத் துடைத்துவிட்டார்கள். பாலைவனமும் நகரமும் அடுத்தடுத்த தெருவில் இருப்பது தெரிந்துவிட்டது. ‘சைலண்ட் ஹில்’ திகில் தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கும் இதே கதி 2012இல் நேர்ந்தது. 1999இல் முதல் ஆட்டத்தில் மூடுபனியைப் போட்டதே, தொலைவில் இருப்பதை வரைய அந்தக் கருவிக்கு வலு இல்லை என்பதால்தான். இயலாமையை மறைக்கப் போட்ட திரை, போகப்போக அந்தத் தொடரின் உயிராகவே ஆகிவிட்டது. மெருகேற்ற வந்தவர்கள் கையில் கிடைத்த மூல நிரலோ கடைசிப் பதிப்பினுடையது அன்று. இரண்டாம் ஆட்டத்தின் பனி கிழிந்துபோய் நின்றது.

எனவே ‘மெருகேற்றம்’ என்பது நற்சான்று அன்று, வேலையின் பெயர். ‘சமையல்’ என்ற சொல் உப்பு சரியாக இருப்பதற்கு உறுதி கொடுக்கிறதா?

இனி ரீமேக். ‘அழித்தாக்கம்’ என்று ஒரு நண்பர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நகைக்கடைக்குப் பொருந்தும், வெளியீட்டு விழா மேடையில் பொருந்தாது. ‘மீளுருவாக்கம்’ பரவாயில்லை என்றாலும் அதை ரெஸ்டோரேஷன் முதல் ரீஜெனரேஷன் வரை எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டோம்.

நான் முன்வைப்பது ‘வழியாக்கம்’.

நூல் மூன்று வகை என்று நன்னூல் சொல்வது பலருக்கும் பள்ளியிலேயே அறிமுகமானது: முதல், வழி, சார்பு. வழிநூலுக்கு அது தரும் இலக்கணத்தைப் பாருங்கள். முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்துப்போக வேண்டும். பின்னால் வருகிறவர் தாம் வேண்டும் விகற்பங்களைச் சொல்லலாம். மரபு அழியக் கூடாது. ஒரு ரீமேக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விளையாட்டு இதழ்களில் எத்தனையோ ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பவணந்தியார் மூன்று அடியில் முடித்துவிட்டார்.

பொருத்திப் பார்க்கலாம். ‘ரெசிடெண்ட் ஈவில் 2’ 1998இல் வந்தபோது காட்சியைக் காட்டும் ஒளிப்படக்கருவி கூரை மூலையில் ஆணி அடித்தது போல நின்றது. எதிரில் வருவது தெரியாது, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். 2019இல் வந்ததில் கருவி நம் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. பயம் வேறு வகைப் பயம். ஆனால் அதே காவல் நிலையம், அதே லியோன், அதே கிளேர், போய்ச்சேரும் இடமும் அதே. முடிபு ஒத்தது, விகற்பம் பின்னோனுடையது. இது அப்பழுக்கில்லாத வழியாக்கம்.

இரண்டு சொல்லும் வேண்டும் என்பதற்கு என் வலுவான சான்று ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’. 2005இன் ஆட்டம். புளூபாயிண்ட் என்ற ஒரே நிறுவனம் அதை 2011இல் மெருகேற்றியது, 2018இல் மலை, புல், பூதம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து வழியாக்கியது. ஒரே கை, ஒரே மூலம், இரண்டு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த ஏழு ஆண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்றே சொல்ல முடியாது.

> ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ தன் பெயரிலேயே ‘ரீமேக்’ என்று வைத்திருக்கிறது. அதை என்ன செய்வீர்கள்?

அது ரீமேக் அன்று என்பேன். அடிக்க வராதீர்கள். 1997இன் ஆட்டத்தில் மிட்கார் நகரம் தொடக்கப் பகுதி மட்டுமே. ஒரு வார இறுதியில் கடந்துவிடலாம். 2020இல் அதை மட்டும் எடுத்து முழு ஆட்டமாக விரித்தார்கள். விரித்தது தவறன்று, வழிநூல் வகைகளில் ‘விரி’யும் ஒன்று என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. சிக்கல் வேறு இடத்தில். கதை பழைய தடத்தை விட்டு விலகாதபடி காவல் காக்கும் ஆவிகளை உள்ளே கொண்டுவந்து, இறுதியில் நாயகர்கள் அந்த ஆவிகளோடேயே சண்டை போடுகிறார்கள். முடிபை மாற்றுவதே கதையாகிவிட்டது. முதல்நூலைத் தெரியாதவருக்கு அந்தச் சண்டை புரியவே புரியாது. இது சார்பு, நன்னூல் ‘புடைநூல்’ என்று சொல்வதன் இனம். ‘புடையாக்கம்’ என்று வைக்கலாம். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். பிடிப்பது வேறு, பெயர் வைப்பது வேறு.

> ‘வழி’ என்றால் ஆட்டத்துறையில் பாதை கண்டுபிடிப்பது என்று ஏற்கெனவே வழங்குகிறது. ‘வழியாக்கம்’ சாலை போடுவது போல ஒலிக்கவில்லையா?

ஒலிக்கும், முதல் வாரம். ‘வழித்தோன்றல்’ என்று கேட்டதும் யாரும் நெடுஞ்சாலையில் பிறந்தவர் என்று நினைப்பதில்லை.

போர்ட், அதாவது ஒரு கருவிக்குச் செய்த ஆட்டத்தை வேறு கருவியில் ஓடவைப்பது, பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுகிற வேலை. ‘பெயர்ப்பு’ போதும், மொழிபெயர்ப்போடு குழம்பும் என்றால் ‘தளப்பெயர்ப்பு’. பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர் தனி இழை கேட்கும், இப்போது வேண்டாம்.

> மெருகேற்றத்தில் புதிதாக எதையாவது சேர்த்தால்?

இதற்குத்தான் காத்திருந்தேன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தது. அதை நான் ஆடியது கல்லூரிக்கு எதிரே இருந்த இணைய மையத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. 2019இல் மெருகேறி வந்தது. 2022 ஏப்ரலில் அதற்கு ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு தரப்பு, உருமி என்னும் சுருள்வாளைச் சுழற்றும் வீரர்கள், இராசேந்திர சோழனின் படையெடுப்பு. ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார். இருபத்து மூன்று ஆண்டு கழித்து ஒரு பழைய ஆட்டம் என் மொழியில் பேசியதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அந்த ஒரு வேலையாளையே சொடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரி வந்து ஊரைக் கொளுத்திவிட்டான்.

பதிப்பாசிரியர் கண்ணால் பார்த்தால் இது இடைச்செருகல். ஆனால் அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு இருக்கிறது. ‘சேர்க்கை’ என்று எளிமையாக விடலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் விளக்கக் குறிப்பில் ஏற வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறேன். 2002இன் ‘வார்கிராஃப்ட் 3’ 2020இல் மெருகேறி வந்தபோது, பழையதை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் ஆட்டமும் புதியதாக மாற்றப்பட்டது. பழையதையே இணையத்தில் ஆட வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. வழிநூல் எழுதினவர் யாரும் முதல்நூலின் ஏட்டைப் பிடுங்கிக்கொண்டு போனதில்லை. செல்லரித்துப் போனது வேறு கதை. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நிலையில், மூலத்தை அகற்றிவிட்டு வருவதை ‘மெருகேற்றம்’ என்ற பெயரில் நம் பட்டியல் ஏற்கக் கூடாது. ‘மாற்றீடு’ என்று எழுதுங்கள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவி கேமில் ஒரு மஞ்சள் கேசட் இருந்தது. 9999 ஆட்டம் என்று மேலே போட்டிருக்கும். உள்ளே இருந்தது ஏழோ எட்டோ. மற்றவை அதே ஆட்டம் வேறு வேறு கட்டத்தில் தொடங்கும். அதற்கு யாராவது ஒரு கலைச்சொல் கண்டுபிடித்தால் மகிழ்வேன்.

அன்புடன்.

---

மறுமொழி (இரண்டு நாள் கழித்து):

நண்பர்களே, தோற்றேன். பாதி.

> 2025 ஏப்ரலில் வந்த ‘ஒப்ளிவியன்’? பெயர் ரீமாஸ்டர். பார்த்தால் ரீமேக். உங்கள் தராசில் எந்தத் தட்டு?

2006இன் ஆட்டம். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் அன்ரியல் 5 என்ற வரைகலை எந்திரம் புதிதாக வரைகிறது. அடியில் விதிகளையும் மனிதர்களின் நடத்தையையும் பார்த்துக்கொள்வது அதே பழைய எந்திரம். உடல் முழுவதும் புதியது, மூளை பழையது. நகைக்கடையில் இதற்கு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. படத்தை வைத்து வகைப்படுத்தினால் வழியாக்கம், நிரலை வைத்து வகைப்படுத்தினால் மெருகேற்றம்.

‘கிராஷ் பாண்டிகூட்’டை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. 1996இன் முதல் ஆட்டத்தை 2017இல் திரும்பச் செய்தவர்கள் பழைய இடங்களின் அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் அதே பாலம், அதே பலகை. ஆனால் குதித்தால் கொஞ்சம் சீக்கிரம் கீழே விழுகிறோம். பலகை ஓரத்தில் கால் வழுக்குகிறது. கண் ‘அதேதான்’ என்கிறது, விரல் ‘இல்லை’ என்கிறது. ஆட்டத்தைப் பொறுத்தவரை நான் விரலைத்தான் நம்புவேன்.

ஆகவே பட்டியலில் விளக்கத்தை இப்படி மாற்றப் பரிந்துரைக்கிறேன்: பழைய கைப்பழக்கம் அப்படியே செல்லுமானால் மெருகேற்றம்; கை மறுபடியும் பழக வேண்டுமானால் வழியாக்கம். ‘கொலோசஸ்’ 2018ஐ இந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கே கலக்கமாக இருக்கிறது.

‘ஒப்ளிவியன்’ மெருகேற்றம்தான். நேற்றிரவு ஆடிப் பார்த்தேன். முகமெல்லாம் மாறிவிட்டது, ஊர்க்காரர்கள் மட்டும் இன்னும் பேச்சின் நடுவில் சம்பந்தமில்லாமல் விடைபெற்றுக்கொண்டு சுவரைப் பார்த்து நடக்கிறார்கள்.