கோரல் ரீஃபுக்கு ‘முருகைப்பார்’ என்று சொல்லலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கோரல் என்னும் சின்னக் கடலுயிர்கள் கடலடியில் கட்டும் மேட்டுக்கு, அதாவது கோரல் ரீஃபுக்கு, ‘பவளப்பாறை’ என்ற சொல் நிலைத்துவிட்டதே, அதை ஏன் கிளற வேண்டும் என்று நம்மில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் பல வருடங்கள் அப்படித்தான் எழுதிவந்தேன். என் மனம் மாறியது திருகோணமலையில்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. கரையை விட்டுக் கொஞ்சம் நீந்தினாலே மான்கொம்பு போலக் கிளைத்த கோரல்கள், அவற்றைக் கொறிக்கும் கிளிமீன்கள், வாய்ப்பு இருந்தால் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா. அக்கா மகனைக் கூட்டிப்போயிருந்தேன். “கீழே பவளப்பாறை இருக்கும், பார்த்து நீந்து” என்று சொல்லித்தான் இறக்கினேன். மூச்சு வாங்கியதும் அவன் அதன் மேலேயே ஏறி நின்றுவிட்டான். அதட்டினால், “பாறைதானே மாமா” என்கிறான். அவன் மேல் என்ன தப்பு? பாறை என்றால் யாரும் நிற்கத்தான் செய்வார்கள். அவன் காலடியில் நொறுங்கியது ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. அன்று முழுக்க அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

பாறையை விடுங்கள், பவளமும் சிக்கல்தான். நாம் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் எடுப்பது. அது ரீஃப் கட்டாது. மன்னார் வளைகுடாவில் ரீஃப் கட்டுவது வேறு இனம்: பழுப்பு, பச்சை, மங்கிய மஞ்சள். முதல்முறை இறங்குபவர்கள் சிவப்பைத் தேடிவிட்டு ஏமாந்து ஏறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இலங்கைத் தமிழில் இதற்குத் தனிச்சொல் இருக்கிறது: முருகை. அங்கே பிள்ளைகள் ‘முருகைக்கற்பாறை’ என்றுதான் படிக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் இருப்பதும் முருகைக்கல். நகையோடு குழப்பம் வராத சொல். அதை நாம் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

அடுத்தது ரீஃப். இதற்குச் சொல்லே தேட வேண்டாம், கடலில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னை வரைக்கும் மீனவர்கள் கடலடியில் மேடாகக் கிடக்கும் கல்தரையைப் ‘பார்’ என்கிறார்கள். தூத்துக்குடிக்கு வெளியே தொள்ளாயிரம் பார், மன்னார்ப் பக்கம் பெரிய பார், செவல் பார், எல்லாம் முத்துக்குளித்த இடங்கள். சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவரிடம், களவா மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். “சேத்துல ஏது களவா? பாருக்குப் போகணும். பார் இடுக்குலதான் சிங்கியும் இருக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தரை, மீன், சிங்கி இறால், அவற்றின் வாழிடம் எல்லாம் இருக்கிறது. நாம் நகரத்தில் உட்கார்ந்து ‘திட்டு’, ‘படிப்பாறை’ என்று தேடிக்கொண்டிருந்தோம்.

ஆக, முருகை கட்டிய பார், முருகைப்பார்.

முத்துப்பார் எல்லாம் கோரல் இல்லையே என்று நம்மில் அக்கா ஒருவர் எழுதியிருந்தது முற்றிலும் சரி. சிப்பி ஒட்டிக்கொள்ளும் வெறும் கல்தரையும் பார்தான். ஆனால் அதனால்தான் இந்தச் சொல் எனக்கு இன்னும் பிடிக்கிறது. பார் என்பது பொது, முன்னால் வருவது வகை. முத்துப்பார், முருகைப்பார், மீன் சேர்வதற்கென்று நாமே கல்லும் கான்கிரீட்டும் இறக்கினால் கட்டுப்பார். கரையை ஒட்டி வளர்வது கரைப்பார், கரைக்கு எட்டத்தில் மதில் போல நீள்வது அரண்பார், லட்சத்தீவில் இருப்பது போல வளையமாக நிற்பது வளையப்பார்.

மதுக்கடையோடு குழம்பும் என்பது பெரிய தடையில்லை. கூட்டுச்சொல்லில் அது வராது. அதைவிட, ‘பாரை’ என்று வேற்றுமை ஏற்றினால் பாரை மீனாகிவிடுகிறதே என்று நம்மில் தம்பி ஒருவர் எழுதிய கவலையைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ‘முருகைப்பாரைக் காப்போம்’ என்று பலகையில் எழுதினால் ஒரு நொடி தடுக்கும்தான். அந்த இடத்தில் ‘முருகைப்பார்களை’ என்று பன்மையில் எழுதிவிடலாம்.

கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் இடமான டைவ் சைட்டுக்கு ‘குளியிடம்’ போதும். முத்துக்குளிப்பும் குளியாளும் ஏற்கனவே உண்டு. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்குமிடமும் குளியிடம்தான், அங்கே பார் இல்லாவிட்டாலும்.

கடைசியாக, பிளீச்சிங். கடல் வழக்கத்தை விடச் சூடானால், முருகை தன் உடம்புக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய்ச் சுண்ணாம்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இது நடந்தது. ‘வெளுத்தல்’ என்றால் துணி நினைவு வருகிறது. நோயில் கிடப்பவரின் முகத்தைச் சொல்வது போல ‘முருகை வெளிறல்’ என்று வைக்கலாம். வெளிறியது உடனே செத்துவிடுவதில்லை, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் தேறும். அதையும் அந்தச் சொல் தாங்குகிறது.

குளியாட்களுக்கான கையேட்டை இந்தச் சொற்களோடு திருத்த ஆரம்பித்துவிட்டேன். கீழக்கரை, வேதாளைப் பக்கம் உறவுகள் உள்ளவர்கள், அங்கே ‘முருகை’ என்று யாராவது சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். வேறு சொல் இருந்தால் அதையும்.