'நோ பன் இன்டென்டட்' என்றால் என்ன?

கேள்வி: மின்கட்டணம் பற்றிய மெயிலில் மேலாளர் "பில் ரொம்ப ஷாக்கிங், நோ பன் இன்டென்டட்" என்று எழுதியிருந்தார். டீக்கடை பன்னுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1: அந்த பன் இல்லைங்க! ஆங்கிலத்தில் பன் என்றால் நம்ம சிலேடை. ஷாக் என்பது அதிர்ச்சியும்தான், கரண்ட் அடிப்பதும்தான், அதனால் 'சிலேடையாகச் சொல்ல நினைக்கவில்லை, தானாக வந்துவிட்டது' என்கிறார். ஆனால் பாதிப் பேர் வேண்டுமென்றே எழுதிவிட்டு, நாம் கவனிக்காமல் போய்விடக் கூடாதே என்றுதான் இதைச் சேர்க்கிறார்கள்.

பதில் 2: ஒலியை வைத்தும் விளையாடுவார்கள். ஆங்கிலம் பேசும் ஊர்களில் சலூன்களுக்கு 'கர்ல் அப் அண்ட் டை' என்று பெயர் வைப்பதுண்டு. டை என்றால் முடிக்குச் சாயம், காதில் கேட்டால் 'சுருண்டு விழுந்து செத்துப்போ'! சாகும்போதுகூட விடமாட்டார்கள். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டில் கத்திக்குத்து பட்ட மெர்குஷியோ, நாளை என்னைத் தேடினால் 'கிரேவ்' மனிதனாக இருப்பேன் என்பான். கிரேவ் என்றால் கல்லறை, அதுவே இறுக்கமான, சிரிக்காத என்றும் பொருள்படும்.

பதில் 3: நம்ம காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடியவர், அவர் முன்னால் இதெல்லாம் சும்மா.

கேட்டவர்: சரி, புரிந்தது. மேலாளருக்குச் சிரிக்கும் ஸ்மைலி ஒன்று அனுப்பிவிட்டேன்.