வடிகாலில் பார்த்த முகம்: திருவருகைக் கால அனுபவப் பகிர்வு

நாகை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி:

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தில் யாரைச் சந்தித்தீர்கள், அந்தச் சந்திப்பு உங்களை என்ன செய்தது என்று எழுதும்படி எல்லோரையும் கேட்டிருந்தேன். கேட்டவனே முதலில் எழுதுவதுதான் முறை.

வேளாங்கண்ணிக்கு மேற்கே எங்கள் ஊர். கடைமடைப் பகுதி. காவிரித் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் எங்களுக்கு வரும். மழைத் தண்ணீரோ எல்லோருடைய வயலிலிருந்தும் வடிந்து எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போகும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்துவிட்டது. பக்கத்து நிலம் என் பெரியப்பா மகனுடையது. விழுந்த மரங்களை ஜேசிபி வைத்து அகற்றி முடித்த மறுநாள், எல்லைக்கல் இரண்டு முழம் அவர் பக்கம் தள்ளியிருந்தது. நான்தான் நகர்த்திவிட்டேன் என்று அண்ணன் கடைத்தெருவில் சொன்னதாக என் காதுக்கு வந்தது. அதோடு பேச்சு நின்றது. ஆறு வருடம். ஒரே கோயில், ஒரே திருப்பலி. சமாதானத்தைப் பகிரும் நேரத்தில் எல்லோரும் நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள். நான் மூன்று பக்கம் திரும்புவேன்.

இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வடிகால் ஓடுகிறது. முன்பெல்லாம் ஆவணியில் இருவரும் சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்வோம். சண்டைக்குப் பிறகு அவர் வெட்டட்டும் என்று நானும், நான் வெட்டட்டும் என்று அவரும் விட்டுவிட்டோம். காட்டாமணக்கு இரு கரையிலும் புதராக மண்டியது. தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்தது.

2024இல் டிசம்பர் முதல் தேதியே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முந்தைய வாரத்திலேயே பெருமழை பெய்து சம்பா ஒரு தடவை முழுகி எழுந்திருந்தது. இரண்டாம் ஞாயிறு நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் வந்தார். ஆண்டவருக்குப் பாதையைச் செம்மையாக்குங்கள், பள்ளத்தாக்கு நிரப்பப்படும், குன்று தாழ்த்தப்படும் என்கிற பகுதி. சிறு வயதிலிருந்து கேட்கிறேன். எங்கள் பக்கம் குன்றும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதளம். அதனாலோ என்னவோ, அது வேறு யாருக்கோ சொன்னது போலவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் வியாழன் இரவு மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. என் வயலில் சி.ஆர். 1009 நெல் ரகம். பயிர் சூல் கட்டியிருந்த நேரம். தண்டை மெல்லப் பிரித்தால் உள்ளே இளங்கதிர் வெள்ளை நூலாகச் சுருண்டிருக்கும், தொட்டால் ஈரம் ஒட்டும். அந்தப் பருவத்தில் அம்மா யாரையும் செருப்புக் காலோடு வயலில் இறங்க விடமாட்டார். "பிள்ளைத்தாய்ச்சி நிற்கிறாள், பார்த்துப் போ" என்பார். அந்தப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

இரவு ஒரு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். வடிகாலில் ஏற்கெனவே ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று காட்டாமணக்கை வெட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்தார். அண்ணன். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அவர் வெட்டிக்கொண்டிருந்தது என் பக்கக் கரை.

"தம்பி, அந்த வேரைப் பிடித்து இழு" என்றார். இழுத்தேன். மூன்று மணி நேரம் வேறு பேச்சில்லை. வெட்டிய புதரைக் கரையில் ஏற்றி, ஆகாயத்தாமரையைக் கை கையாக வாரிப் போட்டோம். விடியும் முன்னே தண்ணீர் அசைந்தது. முதலில் ஒரு சுழி, அப்புறம் இழுப்பு. கரையேறியதும் அண்ணன், "சின்னம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளில் ரோஜா நிறத்தை ஏற்றும் நாள். யோவானிடம் மக்கள் கூட்டமாக வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிற பகுதி வாசிக்கப்பட்டது. அன்று மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன். ஆறு வருடம் சொல்லாததைச் சொன்னேன். கல்லை நான் நகர்த்தவில்லை. ஆனால் ஜேசிபி அதை இடித்துத் தள்ளியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. என் மீது பொய்ப்பழி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, இரண்டு முழ மண் கூடுதலாக வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

சாமியார் ஒன்றுதான் கேட்டார்: "இதை என்னிடம் சொல்லிவிட்டாய். அவரிடம்?"

தரங்கம்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

நாங்கள் லுத்தரன் சபை. திருவருகைக் காலத்தை வீட்டில் அட்வெந்து என்றே சொல்லிப் பழக்கம். இந்த ஊரில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அட்வெந்து மெழுகுவர்த்தி வளையமும் எங்கள் சபை வழியில் வந்ததுதான். 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்கில் விக்கெர்ன் என்ற போதகர் தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்கு அது நாள் எண்ணும் கருவி. நான்கு பெரியவை ஞாயிறுகளுக்கு, சிறியவை மற்ற நாட்களுக்கு.

எங்கள் வளையத்தை வாசல் ஜன்னலில் வைப்போம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளையே அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் கொண்டுபோயிருந்தது. மறு வருடம் அட்வெந்து வந்தபோது வளையத்தைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மகனும் போனவன். "டீச்சர், இந்த வருடம் விளக்கு வைக்கவில்லையா? விடியற்காலையில் நான் கரைக்குப் போகும்போது இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவேன்" என்றார். அவர் வேதக்காரர் அல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்.

அன்று இரண்டாவது வாரம். ஒன்றை ஏற்றாமல் விட்டிருந்ததால் இரண்டையும் சேர்த்தே ஏற்றினேன். அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை. மாலை ஜெபத்துக்கு மட்டும் ஏற்றியதை விடியற்காலை நான்கரைக்கும் ஏற்றுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு செவிலியர்:

டிசம்பர் முழுக்க எனக்கு இரவுப் பணி. நவநாள், தியானம் எதற்கும் போக முடியாமல் இந்தக் காலம் கைநழுவிப் போகிறதே என்று அழுதிருக்கிறேன். பணி முடிந்து வரும் வழியெல்லாம் மார்கழிக் கோலம், பூசணிப்பூ, கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. எதிர்வீட்டு மாமி ஒரு நாள் சாணத்தில் பூவைச் செருகியபடியே, "உங்களுக்கும் இது நோன்பு மாதம்தானே? கல்யாணம்கூட வைக்கமாட்டீர்களாமே" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் நான் நோன்பு என்று ஒன்றுமே இருக்கவில்லை என்பது உறைத்தது. மறுநாளிலிருந்து பஸ் ஏறும் வரைக்குமான அந்தப் பத்து நிமிடம் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, இரவில் பார்த்த நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்து ஜெபித்துக்கொண்டு நடக்கிறேன். எனக்கு வாய்த்த திருவருகைக் காலம் அந்தப் பத்து நிமிடம்தான்.

தரங்கம்பாடி ஆசிரியை:

நாகை தம்பிக்கு ஒரு கேள்வி. அண்ணனிடம் சொன்னீர்களா? கல் என்ன ஆயிற்று?

நாகை விவசாயி:

சொன்னேன் அம்மா. டிசம்பர் 23 மாலை. இடையில் எட்டு நாள் தள்ளிப்போட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மூன்றாவது தடவை போனபோது திண்ணையில் பேரனுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்தார். பையன் ஒரு நல்ல காரியம் செய்தால் தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல் வைக்கலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். அதில் பதினைந்து இருபது துரும்பு கிடந்தது. நின்றபடியே சொல்லி முடித்தேன். அண்ணன் நிமிரவில்லை. மூங்கில் தப்பையைச் சீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கடைத்தெருவில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். உள்ளே பார்த்து அண்ணியிடம் காப்பி போடச் சொன்னார்.

நான்கு ஞாயிறு பாடாமல் வைத்திருந்த வானவர் கீதம் நள்ளிரவுத் திருப்பலியில் மணியோசையோடு எழுந்தபோது அவர் எனக்கு இடப்பக்கம் நின்றார்.

அறுப்பு முடிந்து பிப்ரவரியில் கயிறு பிடித்து அளந்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. பழைய குழியில் கரம்பை அடைத்துப்போயிருந்தது. தோண்டி, கல்லை இறக்கி, இருவரும் மாறி மாறி மிதித்து இறுக்கினோம்.