வலது கையில் நாடி இல்லை: பி.டி. ஷண்ட் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

திருச்சிக்காரன்
ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும் 'நீலக் குழந்தை'களுக்கு, நுரையீரலுக்கு ரத்தம் கூட்டப் போடும் வழிதான் பி.டி. (பிளேலாக்-டாசிக்) ஷண்ட். எனக்கும் போட்டார்கள். போன வாரம் காய்ச்சலுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். வலது மணிக்கட்டில் நாடி பார்த்த இளம் டாக்டருக்கு முகமே மாறிவிட்டது. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார், ஒன்றும் அகப்படவில்லை. சட்டையைத் தூக்கி விலாத் தழும்பைக் காட்டினேன். "சின்ன வயசுல பி.டி. ஷண்ட், பழைய முறை சார். கைக்குப் போற ரத்தக்குழாயை வெட்டி நுரையீரல் பக்கம் திருப்பிட்டாங்க. பத்து வயசுல இதயத்தைச் சரிசெய்யற முழு ஆபரேஷனும் ஆச்சு."

"ஓ, பிளேலாக், டாசிக். ரெண்டு பேருமே பெரிய சர்ஜனுங்க" என்றார். சர்ஜன் பிளேலாக் மட்டும்தான். டாசிக் சர்ஜனும் இல்லை, ஆணும் இல்லை. ஹெலன் டாசிக், குழந்தைகள் இதய மருத்துவர். காய்ச்சலில் வாய் வரவில்லை, பேசாமல் வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

நீலக்கண்ணன் அம்மா
என் பையன் இரண்டு வயதில் நாலடி ஓடினாலே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். கோலி ஆடுகிறான் என்று வீட்டில் சிரிப்பார்கள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். நாங்கள் பார்த்த டாக்டரம்மா ஸ்டெத்தை எடுக்கும் முன் உள்ளங்கையை அவன் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாசிக்குக்குக் காது மந்தமாம், குழந்தைகளின் இதயத்தைக் கையால்தான் படித்தாராம். அந்தக் கையை நான் மறக்கவில்லை.

தியேட்டர் டெக்னீஷியன்
எல்லாவற்றையும் டாசிக்கே செய்த மாதிரி எழுதாதீர்கள். நாய்களுக்குச் செய்து பழகி முறையைச் சரிப்படுத்தியவர் பிளேலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் கிடையாது. 1944 நவம்பர் 29, பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 15 மாதக் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் முக்காலி மேல் நின்று வழி சொன்னவர் அவர். இப்போதுதான் சிலர் ஷண்ட்டின் பெயரில் தாமஸையும் சேர்க்கிறார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் என் அனுபவம்: ஷண்ட் திறந்ததும் மானிட்டரில் ஆக்சிஜன் எண் மளமளவென்று ஏறும். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். வெளியே பெற்றோர் கும்பிடுவது சர்ஜனை மட்டும்தான்.

திருச்சிக்காரன்
சரி அண்ணே, கை தாமஸுடையது. யோசனை யாருடையது? பிறந்தபோது திறந்திருந்து இந்தக் குழந்தைகளின் நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் டக்டஸ் குழாய் மூடியதும் நீலக் குழந்தைகள் மோசமாவதைக் கவனித்தவர் டாசிக். அப்படியொரு குழாயைச் செயற்கையாகப் போட்டால் என்ன என்று முதலில் பாஸ்டனில் சர்ஜன் ராபர்ட் கிராஸிடம் கேட்டார். 1938இல் தானாக மூடாத டக்டஸை மூடிக் காட்டிப் பெயர் வாங்கியவர் அவர். கதவை அடைப்பவரிடம் போய்க் கதவு போடச் சொன்னால்? முடியாது என்றுவிட்டார்.

மதுரை சித்தப்பா
அக்கா பேத்திக்கும் ஷண்ட்தான், நன்றாக இருக்கிறாள். எல்லாரும் கவனியுங்கள். ஷண்ட் குழந்தைக்கு வாந்தி, பேதி வந்தால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடம்பில் நீர் குறைந்தால் ஷண்ட் அடைத்துக்கொள்ளும். உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கும் முன் இதய டாக்டரிடம் கேளுங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். பி.பி.யை ஷண்ட் போடாத பக்கத்துக் கையில்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். திருச்சித் தம்பி, நீங்களும்தான்.

திருச்சிக்காரன்
சித்தப்பா, எனக்கு 46 வயது. ஷண்ட்டை மூடியே முப்பத்தைந்து வருஷம் ஆகிறது.

நீலக்கண்ணன் அம்மா
அது சரி, அந்தக் காய்ச்சல் என்ன ஆச்சு?

திருச்சிக்காரன்
வைரல்தானாம். இடது கையில் நாடி பார்த்துச் சொன்னார்.