கைமாறிய வண்டியில் ஈசியூ ரீசெட்: முன்னால் பார்க்க வேண்டியது, பின்னால் ஓட்ட வேண்டியது

நாகர்கோவில்

பழைய வண்டி வாங்கியதும் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பழையதை மறந்து (ரீசெட்) புது ஆளின் காலுக்குப் பழகிவிடும் என்று சொல்வார்கள். ஆனால் மேனுவல் கியர் பெட்ரோல் வண்டியில் ஈசியூ பழகி வைத்திருப்பது பெரும்பாலும் வண்டியின் அழுக்கையும் தேய்மானத்தையும்தான். என்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கும் த்ராட்டில் பாடியில் கரி படியப் படிய, ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது ஓடும் வேகம்) குறையாமல் நிற்பதற்காக அதிலுள்ள பிளேட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். கரியை எடுக்காமல் நினைவை மட்டும் அழித்தால் வடசேரி நெரிசலில் வண்டி அணைந்து அணைந்து நிற்கும். கரியை எடுத்துவிட்டு நினைவை அப்படியே விட்டால் ஐடிலிங் 1200, 1400 ஆர்பிஎம் என்று ஏறிக் கிடக்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் பிளேட்டை விரலால் பலமாகத் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் கெடும். சாவி ஆன் நிலையில் கை வைக்கவே கூடாது.

தக்கலை

கரி எடுப்பதற்கும் ரீசெட்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஈசியூவில் உள்ளதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பழக்கத்தில் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ தரும் அளவு) எவ்வளவு என்று எழுதி வையுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. கூட்டல் 18 என்று காட்டினால் ரீசெட் செய்து பயனில்லை, சில நாளில் அதே எண்ணுக்குத் திரும்பி வந்துவிடும். ஐடிலிங்கில் கூடுதலாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ வேக்குவம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மேடேறும்போது அந்த எண் கூடினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள். ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கென்று அமைக்காத பழைய வண்டி கூட்டல் 5 காட்டுவது கோளாறல்ல. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும்.

வாங்கும் முன்பே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கோளாறு கோடை (ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்) அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஸ்கேனரில் ஒரு வரி வரும். அது 12 கிலோமீட்டர் என்றால், விற்கிறவர் முந்தின நாள்தான் எதையோ அழித்திருக்கிறார். ரெடினெஸ் மானிட்டர்களும், அதாவது ஈசியூ தானே செய்துகொள்ளும் சோதனைகளும், முடியாமல் நிற்கும். ஒரு வாரம் கழித்து செக் என்ஜின் லைட் எரிவது இப்படித்தான்.

குளச்சல்

கடற்கரை வண்டிகளில் பாதிப் பிரச்சினை உப்புக்காற்று. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வோல்டேஜ் குறைந்து ஈசியூ தாறுமாறாக நடக்கும், பழி சாஃப்ட்வேர் மேல் விழும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்துக் கழுவி, உலர்ந்ததும் வாசலின் தடவுங்கள். பாடியோடு சேரும் எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்க்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சரி.

பேட்டரி வயரைக் கழற்றும் முறை: ஸ்டீரியோவுக்குத் திறக்கும் ரகசிய எண் (கோடு) உண்டா என்று முதலில் பாருங்கள். கண்ணாடியை இறக்கி, சாவியைக் கையில் எடுத்து, 10 ஆம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் மட்டும் கழற்றி அரை மணி நேரம் விடுங்கள். பல புது வண்டிகளில் பழகிய அளவுகள் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது, ஸ்கேனரில்தான் அழிக்க வேண்டும். திரும்ப மாட்டியதும் ஏசி, லைட் எல்லாம் அணைத்து 10 நிமிடம் ஐடிலிங், பிறகு ஏசி போட்டு 5 நிமிடம். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். அதன்பின் கன்னியாகுமரி ரோட்டில் போய்த் திரும்புங்கள். ஒரே வேகத்தில் கொஞ்சம், கியரில் வைத்தே காலை எடுத்து உருளவிட்டுக் கொஞ்சம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் முதல் ஓட்டம் வேண்டாம், எதிர்க்காற்றில் என்ஜினுக்கு எப்போதும் லோடுதான். பவர் விண்டோ ஒரே அழுத்தில் ஏறாவிட்டால், மேலே ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்தால் பல வண்டிகளில் சரியாகும்.

குலசேகரம்

ஓட்டுநரின் கால் உண்மையிலேயே கணக்கில் வருவது ஆட்டோமேட்டிக்கில். சில கியர்பாக்ஸ் ஆக்சிலேட்டர் மிதிக்கும் விதத்தைப் பார்த்தே கியர் மாற்றும் நேரத்தைத் தீர்மானிக்கும். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பழகி வைத்திருக்கும். அந்த இடத்தைப் பழக்கும் லேர்னிங்கை ஸ்கேனரில் செய்யாமல் விட்டால் பேச்சிப்பாறை மேட்டில் நின்று எடுக்கும்போது வண்டி பின்னால் வழுகும். கிளட்ச் மாற்றினால் இது கட்டாயம்.

மார்த்தாண்டம்

டீசல் வண்டிக்காரர்கள் கவனம். புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பின் கரி அளவை ஸ்கேனரில் பூஜ்யமாக்காதீர்கள். கரி உள்ளேயே இருக்க, ஈசியூ காலி என்று நம்பி எரிக்காமல் விடும், கடைசியில் அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் மேல் அச்சிட்ட கோடு எண்ணை ஈசியூவில் பதித்தே ஆக வேண்டும்.

புது ஆளுக்கு இதையெல்லாம்விட அவசரமானது சாவி. பதிவான சாவி இல்லாமல் என்ஜினை எழும்ப விடாத இம்மொபிலைசரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, கையில் இல்லாததை அழித்துவிடுங்கள். பழையவரின் போன், வீட்டு முகவரி எல்லாம் மியூசிக் சிஸ்டத்தில் கிடக்கும். ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். கம்பெனி ஆப் இருக்கும் வண்டியென்றால் பழையவர் தன் கணக்கிலிருந்து வண்டியை அவரே நீக்க வேண்டும். பணம் கொடுக்கும்போதே பக்கத்தில் நின்று செய்துகொள்ளுங்கள், பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.