மதுரைப் பக்கம் தங்கைக்கு ஒரு நல்ல மனநல ஆலோசகர் தேவை

நண்பர்களே, வணக்கம். என் தங்கை கல்லூரி முடித்துவிட்டாள். தனக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று போன மாதம் வீட்டில் சொன்னாள். அதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. அவள் நேசித்த பெண்ணும் விலகிவிட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் பிள்ளை ரொம்ப உடைந்து போயிருக்கிறாள்.

ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாகிடும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது நோயே இல்லையே! மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவதைத் தடை செய்யச் சொல்லி 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. வீட்டில் இதைக் காட்டியபின் அப்பா கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

இப்போது தேவை இதுதான். ஆறேழு அமர்வுகள் போதும். தமிழில் பேசுபவர், அவளை மாற்ற நினைக்காதவர், முடிந்தால் பெண். வீட்டுச் சுவருக்குக் காது உண்டு என்பதால் நேரில் என்றால் நல்லது, மதுரை அல்லது திண்டுக்கல். கட்டணத்தை வருமானத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்பவர்களாக இருந்தால் பெரிய உதவி. அப்புறம், அம்மாவோடும் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார்களா?

அவசரத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ போய்ப் பலன் கண்ட இடமாகச் சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயங்கினால் உள்பெட்டிக்கு வாருங்கள்.